நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

பம்பரைத் திரும்பப் பூட்டியதும் டெல்மர் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஷெவர்லே பிக்கப். ஏழு வருஷமாகத் துருவைச் சுரண்டி, தட்டி நிமிர்த்தி, அவரே வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்த வண்டி. சின்ன ட்ரெய்லர் வீடு ஒன்றை இழுத்துக்கொண்டு அமரில்லோ ஊரில் நடக்கும் பழைய வண்டிக் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆனால் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் கொக்கி துருத்திக்கொண்டு நின்றால் பண்ணை வண்டி மாதிரி இருக்கும். அதனால் கொக்கியைப் பம்பருக்குள் ஒளித்துப் பற்றவைத்து, அதன்மேல் நம்பர் பிளேட்டைக் கீல் போட்டு மாட்டிவிட்டார். பிளேட்டை மடக்கினால்தான் தெரியும்.

விளக்கைப் பிடித்திருந்த அவர் மனைவி வெர்னா சிரித்தாள். "யாருக்கும் தெரியக்கூடாதுன்னா எதுக்குய்யா இந்தப் பாடு?"

"எனக்குத் தெரியும்ல."

அது பிப்ரவரி. மார்ச்சில் ஒரு மத்தியானம் மேற்கே காய்ந்த புல்வெளி பற்றிக்கொண்டது. காற்று அப்படி. ஷெரீப்பின் ஆள் வீடு வீடாக ஒலிபெருக்கியில் கிளம்பச் சொல்லிக்கொண்டு போனான். டெல்மர் பிக்கப்பைக் கிளப்பி, வெர்னாவை ஏற்றி, வாசலைத் தாண்டும்போது பக்கத்து நிலத்து கோரீன் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவன் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். இழுக்கிற வண்டியும் அவனோடு. அவளுடைய இரண்டு பெண் குதிரைகளும் ஏற்கெனவே ட்ரெய்லரில் ஏறி நின்றன.

"டெல்மர், உங்க வண்டியில மாட்டி இழுத்துருங்க! பத்தே நிமிஷம்!"

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். துருப்பிடித்த குதிரை ட்ரெய்லர், மிரண்டு உதைக்கும் குதிரைகள், கங்கு பறக்கும் சாலை. இதெல்லாம் பிறகு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். முதலில் தோன்றியது பெயின்ட் உரியுமே என்பதுதான்.

"இதுல கொக்கி இல்லம்மா."

கோரீன் பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். வழவழப்பான பம்பர், நம்பர் பிளேட். "கொக்கிகூட இல்லாம என்ன எழவு வண்டிய வச்சிருக்கீங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினாள். வெர்னா அவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் வண்டியை நகர்த்தினார்.

கோரீன் குதிரைகளை அவிழ்த்து, வேலியை வெட்டி விரட்டிவிட்டாள். வீடுகள் தப்பின. மேபல் என்ற பழுப்புக் குதிரை கால்கள் வெந்து திரும்பி வந்தது. இளையது எழமுடியாமல் வேலி மூலையில் கிடந்தது. அதைத் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது.

நான்காம் நாள் கோரீன் சோள ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். புருவம் கருகியிருந்தது. "அன்னிக்கு உங்கமேல கத்திட்டேன். கொக்கி இல்லாத வண்டிக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மன்னிச்சிருங்க. சர்ச்லயும் சொன்னேன், முடிஞ்சிருந்தா டெல்மர் கண்டிப்பா செஞ்சிருப்பாருன்னு."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். அந்த ரொட்டியை இருவரும் தொடவில்லை. அது மேசைமேல் காய்ந்துகொண்டே இருந்தது. அதற்கு மூன்றாம் நாள் வெர்னா அதைக் கோழிகளுக்குப் போட்டாள்.

"நானும்தான் வாயத் திறக்கல," என்றாள், கோழிகளைப் பார்த்துக்கொண்டே. "என்னால இனிமே அவ மூஞ்சில முழிக்க முடியாது. நீ போய்ச் சொல்லு. இல்லேன்னா நான் போறேன்."

மேபலை வாராவாரம் கால் கட்டை மாற்றக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்; கோரீனின் கணவன் வண்டியோடு மறுபடி வேலைக்குப் போயிருந்தான். வியாழக்கிழமை காலை டெல்மர் பிக்கப்பைக் கோரீன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இறங்கி, அவள் பார்க்க, நம்பர் பிளேட்டைக் கீழே மடக்கினார். உள்ளே புது இரும்பு பளபளத்தது.

கோரீன் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"எப்ப வச்சது?"

போன வாரம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் நம்பியும் விடுவாள். அது தொண்டைவரை வந்தது.

"பிப்ரவரில," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை. அவள் கொட்டிலுக்குப் போய் மேபலை நடத்திவந்து, ட்ரெய்லரில் ஏற்றிக் கதவைத் தாழிட்டாள்.

அவர் வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தார். பின்னால் நின்று யாராவது கைகாட்டாமல் கொக்கியைச் சரியாகச் சேர்க்க முடியாது. கண்ணாடியில் கோரீன் தெரிந்தாள். ட்ரெய்லர் முனையருகே, கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். அவள் தலைக்குமேல், கம்பிச் சன்னலில் மேபலின் மூக்கு மூச்சை வெள்ளையாக விட்டுக்கொண்டிருந்தது. அவர் அங்குலம் அங்குலமாக, அவள் கையைப் பார்த்தபடியே, பின்னால் போனார்.