வலைவீட்டார் பிடித்த நரி

யுவ வருஷம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கரட்டுக் குன்றின் அடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வலைவீட்டின் தலைவர் கந்தவேல், அவர் மனைவி குஞ்சம்மாள், பங்காளி கைலாசம், புதர் கலைக்கும் ஆண்டி, பறையோடு வந்த சடையன். தாமும் அங்கே நின்றதாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்ட மற்றவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் ஊருக்குள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

சேலத்துக்குக் கிழக்கே அந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கல் முடிவதற்குள் நரிமுகம் பார்த்தாக வேண்டும். வானத்தை நம்பி விதைக்கிற பூமி. வங்காநரி என்னும் சிறு நரி ஒன்றை வலைபோட்டுப் பிடித்து, மாலை சூட்டி, மாரியம்மன் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டி, பிடித்த புதரிலேயே கொண்டுபோய் ஒரு மயிர் உதிராமல் விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த வருஷம் மழை தப்பாது. பிடிப்பதும் காட்டுவதும் கந்தவேல் வீட்டின் உரிமை. நரியை உயிரோடு திருப்பி விடுவது அந்த வீட்டின் வாக்கு. போன வருஷம் காடு முழுக்க அலைந்தும் நரி கிடைக்கவில்லை. மழையும் பெய்யவில்லை. இந்த வருஷமும் தவறினால் வலை கைலாசம் வீட்டுக்குப் போகும் என்று ஊர்ப் பெரியதனக்காரர் சபையில் வைத்தே சொல்லிவிட்டார். அதனால்தான் கைலாசம் கூப்பிடாமலே வந்திருந்தான்.

"ஏனுங்கண்ணா, வெறுங்கையோட திரும்புனா வலையத் தூக்கறதுக்கு ஆள் தேட வேண்டாமுங்க. நானே வந்துட்டனுங்க" என்றான்.

"உங்க தோளுக்கு இந்த வலை நீளமுங்க கொழுந்தனாரே. கால் தட்டி உழுந்துருவீங்க" என்றாள் குஞ்சம்மாள், ஆவாரம்பூ மாலையை ஈரத்துணியில் சுற்றியபடி.

கந்தவேல் இரண்டு பேர் பக்கமும் திரும்பவில்லை. அவர் கண் கரட்டின் சரிவில் இருந்தது. அங்கே ஒரு மேட்டில் நரி வளை. ஒரு குடும்பத்துக்கு நாலைந்து வாசல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து. வாசலில் புதுமண் சிதறிக் கிடந்தது. குட்டி போடுவதற்கு முன் பெட்டை உள்ளே இடத்தை அகலப்படுத்துகிறது என்று அதற்குப் பொருள். கிணற்று மேட்டில் நின்று மாலை நேரங்களில் அந்தச் சோடியை அவர் பார்த்து வந்திருக்கிறார். ஒன்று எலி தோண்டும்போது மற்றது தலை தூக்கிக் காவல் நிற்கும். சற்று நேரத்தில் இடம் மாறிக்கொள்ளும். நின்றதுக்குப் பங்கு இல்லாமல் தோண்டினது தின்று அவர் கண்டதில்லை. தம் பங்காளிகளை நினைத்துக்கொண்டு ஒருமுறை அதை வெகுநேரம் பார்த்திருக்கிறார்.

காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, இரண்டு இலந்தைப் புதர்களுக்கு நடுவே வலை கட்டியாயிற்று. ஆண்டி தடியால் புதரை அடித்தான். சடையனின் பறை எழுந்ததுதான் தாமதம், மேற்குவாசலிலிருந்து கடுவன் நரி குபீரென்று வெளியே பாய்ந்தது! சாம்பல் உடம்பு, நுனி கறுத்த வால். பாய்ந்தது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நின்று, திரும்பி, ஆட்களை நன்றாகப் பார்த்துவிட்டு, எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஆசை காட்டுகிற ஓட்டம் ஓடியது.

"போகுதுங்க சாமி, மேக்க போகுதுங்க!" ஆண்டி கத்தினான். கைலாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தான்.

"ஒருத்தரும் அசையாதீங்க" என்றார் கந்தவேல். "அவன் நம்மள இழுத்துட்டுப் போறான். ஊட்டுக்காரி இன்னும் உள்ள இருக்கறா."

அவர் வலையோரமாகக் குனிந்து காத்தார். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. கிழக்குவாசலில் முதலில் இரண்டு காதுகள், பிறகு கூர்மூக்கு, பிறகு தரையோடு தரையாக ஒரு கோடு. பெட்டை நேரே வலைக்குள் வந்து விழுந்தது. கந்தவேல் அதன்மேல் விழுந்தார். அடியில் அது துடித்தது. பஞ்சு மூட்டைக்குள் ஒரு கோழிக்குஞ்சு மாட்டிக்கொண்டாற்போல அவ்வளவு லேசாக இருந்தது. மென்துணியால் வாயைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாலை சூட்டியபோது அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கைலாசம் முள் கிழித்த காலோடு திரும்பி வந்து சேர்ந்தான்.

"மாப்பிள்ள கிடைச்சாருங்களா?" என்று கேட்டாள் குஞ்சம்மாள்.

ஊர் எல்லையிலேயே குலவை கேட்டது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து நரிமுகம் காட்டினார்கள். முதல் சுற்று முடிந்தது. கயிற்றைப் பிடித்த கந்தவேல் முதுகு வளையாமல் நடந்தார். போன வருஷம் குனிந்ததையெல்லாம் சேர்த்து நிமிர்த்திக்கொண்டதுபோல. இரண்டாம் சுற்றில் வைக்கோல் போர்மேல் நின்றவர்கள் கூச்சலிட்டார்கள்.

"அங்க பாருங்க! சோடி வருது!"

பட்டப்பகலில், கொள்ளுக்காட்டு வரப்பின்மேல், கடுவன் வந்துகொண்டிருந்தது. கரட்டிலிருந்து பின்னாலேயே வந்திருக்கிறது. பறைக்கும் கூட்டத்துக்கும் நடுங்கிற்று, நடுங்கிக்கொண்டே வந்தது. கடகடவென்று ஒரு குரல் கொடுத்தது. கயிற்றில் இருந்த பெட்டை அந்தத் திசைக்குத் துள்ளியது. ஊருக்கே சந்தோஷம் பொங்கிவிட்டது. இரட்டை முகம் பார்த்தால் இரட்டை மழை என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதையே சொன்னார்கள். அதற்குள் தெரு நாய்கள் பார்த்துவிட்டன.

"அத நான் புடிக்கறேன்! புடிச்சா வலையில பாதி என்ற ஊட்டுக்கு!" என்று கைலாசம் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

நாய்கள் முந்திக்கொண்டன. கடுவன் களத்துமேட்டுக் கல்லில் முதுகைக் கொடுத்து நின்றது. ஓட வழி இருந்தது. பின்னால் கொள்ளுக்காடு திறந்து கிடந்தது. ஒவ்வொரு நாயாக விரட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தது. "நாயக் கூப்பிடுங்கடா!" என்று கந்தவேல் அலறினார். கைலாசம்கூடச் சாக்கைப் போட்டுவிட்டுக் கல்லை எடுத்து நாய்கள்மேல் வீசினான். பலிக்கவில்லை. ஒரு கொத்து மயிர் காற்றில் பறந்தது.

இவள் கட்டுண்டு நிற்கிறவரை அவன் போகமாட்டான். கந்தவேலுக்கு அது பளிச்சென்று புரிந்தது. மூன்றாம் சுற்று பாக்கி. ஊருக்குள்ளே விட்ட நரி காட்டிய நரி ஆகாது, வலை போய்விடும். ஆனால் வலைவீட்டார் வாசலில் நரி செத்தது என்ற பேச்சு வந்துவிட்டால் அப்புறம் அந்த வலைதான் எதற்கு?

பெட்டை அம்பாகப் போயிற்று. மாலை வழியிலேயே அறுந்து சிதறியது, வாய்த்துணியும் கழன்று விழுந்தது. எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த அதைக் கண்டு நாய்கள் கலைந்த கண நேரத்தில், இரண்டும் கொள்ளுக்காட்டில் இறங்கின. செடிகள் இரண்டு கோடாக ஆடின. கொஞ்ச தூரம் போனதும் ஒரே கோடாக ஆடின.

பெரியதனக்காரர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "கவுறு அந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு கந்தவேலு. வலை உன்ற ஊட்டுலயே கெடக்கட்டும்" என்றார்.

கந்தவேல் தோளிலிருந்த வலையை எடுத்து, இரண்டு கையாலும் கைலாசத்துக்கு நீட்டினார். கைலாசம் வலையைப் பார்த்தான், குஞ்சம்மாளைப் பார்த்தான், கொள்ளுக்காட்டைப் பார்த்தான். அவன் கை இன்னும் நீளவில்லை.

கயிறு அறுந்து நரி தப்பிவிட்டது என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கயிறு அறவில்லை. கந்தவேல் அவிழ்த்துவிட்டார்.