பூஜைக்காக அணைத்த பெட்டி

கறுப்புத் திரையின் இடது மூலையில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிகிறது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை, விஜயதசமி காலை எட்டு மணியிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுப் படங்களும் கோப்புகளும் வைக்கிற சேமிப்புப் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நான்கு பச்சை விளக்கும் எரிகின்றன, மகள் கோமதி ஒன்றாம் வகுப்பில் மாறுவேடம் போட்ட படம் வரை எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அதற்குள் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக நான் ஓட்டிவந்த விர்ச்சுவல் மெஷின் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே என் மனைவி செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரும், அவள் வீட்டோடு நடத்திய டிடிபி கடைக் கம்ப்யூட்டர் புகைந்து போனபோது, ஹார்ட் டிஸ்கை மட்டும் காப்பாற்றி, பழைய விண்டோஸும் அவளுக்குப் பழகிய தமிழ் எழுத்துருக்களும் மாறாமல் அப்படியே இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்தேன், செத்த கம்ப்யூட்டரோட ஆவியப் பிடிச்சு அடைச்சிட்டீகளே, நாளைக்கு நான் போனாலும் நிம்மதியா விடமாட்டீக போல, என்றாள், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் குரல் அவளுக்கு, நான் மெதுவாப் பேசு என்று சொல்லாத நாள் இல்லை, சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

தொண்டையில் கட்டி என்றார்கள், மார்ச்சில் எடுத்தார்கள், கட்டியோடு குரலும் போய்விட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே கீபோர்டை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், காப்பி சக்கரைத் தண்ணியா இருக்கு, என்று பெரிய எழுத்தில் அடித்துத் திரையை என் பக்கம் திருப்பினாள், கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற வளைவு எழுத்தில், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஐந்து மாதம் அப்படித்தான் பேசினாள், எல்லாம் ஒரே கோப்பில், பேச்சு என்று பெயர் வைத்திருந்தாள், திட்டு, கேள்வி, மாத்திரை நேரம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன சேலை என்பது வரைக்கும், கடைசி வாரம் நான் இல்லாத நேரத்தில் ஏதோ அடித்துவிட்டு, கோமதிக்கு நாலு வரி வச்சிருக்கேன், நீங்க படிக்காதீங்க, அவள் படிக்கட்டும், என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். அவள் போய் நாற்பது நாள் கூட ஆகவில்லை, ஓசூரிலிருந்து கோமதி தினமும் கேட்கிறாள், அப்பா அந்த ஃபைலை அனுப்புறேன்னீங்களே, அனுப்புறேன்மா என்கிறேன், திறந்தால் அவள் பேச்சு முழுக்கக் கண்ணில் படுமே, அதற்குப் பயந்துகொண்டு இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

நேற்று ஆயுத பூஜை, வருஷம் திரும்பாத வீட்டுல பண்டிகை கூடாது அத்தான், சும்மா இருங்க, என்று அவள் தங்கை பகவதி போனில் சொல்லத்தான் செய்தாள், சும்மா இருக்க முடியவில்லை, செண்பகவல்லி ஒரு வருஷம்கூட மெஷின்களுக்குச் சந்தனம் வைக்காமல் விட்டதில்லையே என்று பிரிண்டரை, திரையை, பெட்டியை, எல்லாவற்றையும் முறைப்படி அணைத்து, கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன், அவள் இருந்தால் மெச்சுவாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன். காலையில் போட்டால் இந்தக் கோடு, டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தேன், நிறையவில்லை, மெமரியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், பதிவுகளை வரிவரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது, அவளுடைய தமிழ் மென்பொருளுக்கு யுஎஸ்பியில் செருகுகிற சின்னப் பூட்டு ஒன்று உண்டு, துடைத்துவிட்டு அதை இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன், அது இல்லாமல் மெஷின் அப்படியே நிற்கிறது. பிடுங்கி முன்பிருந்த துளையில் வைத்தேன், கோடு மறைந்தது, கோமதியைக் கூப்பிட்டு, வருதும்மா, வருது, என்று கத்தினேன், அப்பா நான் லைன்லயே இருக்கேன், என்றாள் அவள்.

வந்தது, அவளுடைய நீலத் திரை, பாதி அடித்த ஒரு காதணி விழாப் பத்திரிகை, தாய்மாமன் என்று அடித்து, பெயர் அடிக்காமல் நின்றிருக்கிறது, ஓரத்தில் பேச்சு என்ற அந்தக் கோப்பு இல்லை, தேடினேன், எல்லா டிரைவிலும் தேடினேன், இல்லை, அப்புறம்தான் நினைவு வந்தது. வாடிக்கையாளர் கொண்டுவருகிற பென்டிரைவ் எல்லாம் வைரஸ், வாரம் ஒரு தடவை மெஷினைக் கெடுத்தார்கள், அதனால் நான்தான் மெஷின் இருந்த நிலையை இந்தத் திரையோடு அப்படியே பிடித்து வைத்து, எப்போது அணைத்தாலும் இதே நிலைக்குத் திரும்பு என்று ஒரு டிக் போட்டேன், அணைத்தால் நடுவில் உள்ளே சேர்ந்ததெல்லாம் அழிந்துவிடும், முடிந்த வேலையெல்லாம் வெளியே பொது ஃபோல்டரில் போட்டுரு செண்பகம் என்றேன், போட்டாள், ஒரு பத்திரிகை விடாமல் போட்டாள், அவள் பேச்சு என்றைக்கு முடிந்தது அதில் போடுவதற்கு. மெஷினை அவள் அணைத்ததே கிடையாது, திரையை மட்டும் அணைப்பாள், போன வருஷ பூஜைக்குக்கூட அவசர வேலை இருக்கு, அது ஓடட்டும் என்றுவிட்டாள், இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போயும் அணையவில்லை, அணைத்தது நான், சந்தனம் வைத்து அணைத்தது நான்.

திரையின் கீழ் மூலையில் கடிகாரம் பதினொன்று இருபது என்கிறது, போன வருஷம் ஆகஸ்ட் பதினான்கு, அன்றைக்கு அவள் தொண்டையில் ஒன்றுமில்லை, பிடித்து வைக்கிறேன், கொஞ்சம் கையை எடு என்று நான் சொல்ல, அடுப்பில் குழம்பு இருக்கு, சட்டுனு முடிங்க, என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள், அந்தக் குரலை இப்போது கேட்கிறேன். இன்னும் சில விநாடியில் இது நெட்வொர்க்கில் நேரம் கேட்கும், இன்றைக்கு என்ன தேதி என்று பெட்டி சொல்லிக்கொடுத்துவிடும், பாய்ந்து மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்தேன், தேதி மாறவில்லை, பதினொன்று இருபத்தொன்று ஆகிறது, இந்தக் கடிகாரத்தின்படி அவளுக்கு இன்னும் ஒரு வருஷமும் பத்து நாளும் இருக்கிறது, தாய்மாமன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் விட்டுப்போன இடத்தில் கர்சர் துடிக்கிறது, வந்து பெயரை அடிக்கவேண்டியதுதான் பாக்கி. வந்துருச்சாப்பா, எனக்கு என்ன எழுதியிருக்கா அம்மா, படிங்கப்பா, என்று கோமதி போனில் கேட்கிறாள், கடிகாரம் பதினொன்று இருபத்திரண்டு ஆகிறது, அப்பா, பேசுங்கப்பா, என்கிறாள்.