நியாயமான பொறி

“செத்துட்டேன்னா செத்துட்டேன். அத நான் கேக்கல. எப்பிடிச் செத்தேன்னுதான் கேக்கறேன்.”

“அதான் எழுதியிருந்திச்சே.”

“எங்க எழுதியிருந்திச்சு?”

“வாசக்கால் மேல. கொட்ட எழுத்துல. ‘கால் வைக்காதே, கீழே நெருப்பு’ன்னு.”

“எங்காளு வெறகு வெட்டறவடா. அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு மொத நாளே நீதான எழுதிக்கின?”

அருள்முருகன் மடியில் இருந்த கட்டம்போட்ட நோட்டைப் பார்த்தான். கார்குழலி சொன்னது நிஜம். அவள் ஆளின் பெயருக்குக் கீழே, அவன் கையெழுத்திலேயே இருந்தது: கோடாலி உண்டு, எழுத்து தெரியாது.

கருவடிக்குப்பத்தில் விக்ரமின் வீட்டு மாடியறை அது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகன் விட்டுப்போன தடித்த புத்தகமும் ஒரு சுருக்குப்பை நிறைய பகடைகளும்தான் இந்த ஆட்டத்துக்கு மூலதனம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த விக்ரம் விதிகளைப் படித்துத் தமிழில் சொல்வான். அருள்முருகன் குகைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் கற்பனையில் கட்டுவான். விக்ரமும் கார்குழலியும் தாங்கள் உண்டாக்கிய ஆட்களாக அதற்குள் நடந்து போவார்கள். எல்லாம் பேச்சுதான். நடப்பது நடக்காதது மட்டும் இருபது முகப் பகடையின் பொறுப்பு.

பொறிகள் வைப்பதில் அருள்முருகனுக்குத் தனிக் கர்வம் உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் நோட்டில் மூன்று வரி எழுதுவான். என்ன பொறி, எதைப் பார்த்தால் தெரியும், எப்படித் தப்பிக்கலாம். இரண்டாவது வரி நிரம்பாவிட்டால் அந்தப் பொறியையே ரப்பர் வைத்து அழித்துவிடுவான். அடையாளம் காட்டாமல் ஒருத்தரைக் கொல்வதில் என்ன ஆட்டம் இருக்கிறது என்பது அவன் கட்சி. இரவில் பாயில் படுத்துக்கொண்டு, கல் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தால் கவனமாக வருகிறவன் கண்ணில் படும், சாம்பல் எவ்வளவு தூரத்தில் கிடந்தால் போதும் என்றெல்லாம் யோசித்தபடியே தூங்கிப்போவான்.

“போவுது வுடு கார்குழலி,” என்றான் விக்ரம். “மேல போனதும் எமன் கிட்ட கைநாட்டு வெச்சிக்கலாம்.”

“நீ சும்மா இரு. படிச்ச ஆளு நீ பின்னால வந்த, உனக்கு அந்த எழுத்து புரியும். முன்னால போனவ நானு.” அவள் அருள்முருகனின் பக்கம் திரும்பினாள். கோபம் பாதி விளையாட்டு, பாதி நிஜம். இரண்டு மாதமாக வளர்த்த ஆள் அவளுக்கு. “வெச்சவனுக்குத் தெரிஞ்சி இன்னாடா புண்ணியம்? நடந்து வர்றவளுக்குல்ல தெரியணும்.”

அருள்முருகனின் கையிலிருந்த பென்சில் நோட்டின் மேலேயே நின்றது. 

போன வாரம் அவன் அப்பா கலியமூர்த்தி வேர்க்கடலை விளைந்திருந்த மல்லாட்டைக் கொல்லையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கம்பி கட்டியிருந்தார். பன்றிக்கு. மோட்டார் கொட்டாயிலிருந்து ராத்திரியில் அதற்குக் கரண்ட் போகும். வெளியே தெரிந்தால் லைன்மேன் வருவான், கேஸ் ஆகும் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அருள்முருகன் இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தான். நடக்கவில்லை. கடைசியில் ஒரு எச்சரிக்கைக்காவது சம்மதிக்க வைத்து, ஒரு தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் ‘அபாயம், மின்சாரம், தொடாதே’ என்று தானே எழுதி வரப்பு முக்கில் நட்டான். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தான்.

அந்த வரப்பில் தினமும் புல் அறுக்கிறவள் கன்னியம்மாள். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவள். வெள்ளிக்கிழமை தலையில் புல்லுக்கட்டோடு நின்று கேட்டாள். “இன்னா தம்பி, தகரத்துல என்னமோ எழுதி நட்டு வெச்சிருக்க? மனை போட்டு விக்கப் போறீங்களா?” சுற்றுவட்டாரத்தில் கொல்லை கொல்லையாக மனை விற்கும் போர்டு முளைத்துக்கொண்டிருந்த காலம். அவள் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து அவனும் சிரித்தான். “ஆமா அத்த. உனக்கொண்ணு எடுத்து வெக்கட்டுமா?” அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் கேலி செய்யவில்லை. தகரத்தைப் படிக்கத் தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள்.

அப்பா எப்போதும் ஒன்பது மணிக்கு மேல்தான் கரண்ட் போடுவார். ஆனால் இன்று அரியாங்குப்பத்தில் சித்தப்பா மகளுக்குப் பொண்ணழைப்பு. சாயங்காலம் வெள்ளனவே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னார். கன்னியம்மாள் கண் தெரிகிற மட்டும் புல் அறுப்பாள்.

“உன் செல்ல குடுடா,” என்றான் விக்ரமிடம். அப்பாவிடம் செல் கிடையாது; வீட்டு நம்பருக்கு மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மா மதியமே கல்யாண வீட்டுக்குப் போயிருப்பாள். மறுபடி அடித்தான்.

“இன்னாடா ஆச்சு? மூஞ்சே சரியில்ல,” என்றாள் கார்குழலி. “வேணும்னா நான் வேற ஆளு எடுத்துக்கறேன்டா. இதுக்குப் போயி…”

அவன் செருப்பை மாட்டாமலே மாடிப்படி இறங்கியிருந்தான்.

டிவிஎஸ் ஐம்பது அதற்குமேல் வேகம் எடுக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். ஊருக்குள் ஒவ்வொரு முனையிலும் யாராவது குறுக்கே வந்தார்கள். அரியாங்குப்பம் பாலத்தில் தேங்காய்த்திட்டு மீன் வண்டி ஒன்று பஞ்சராகி நின்று, ஐஸ் தண்ணீர் ரோடெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. வெறுங்கால் அதில் பட்டபோது உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. மனசு அதன் பழக்கத்தில் கணக்குப் போட்டது. அவள் எந்தப் பக்கமிருந்து அறுத்துக்கொண்டு வருவாள்? கிழக்கே ஆரம்பித்தால் தப்பிக்க எத்தனை வாய்ப்பு? இருபதில் எட்டா, பத்தா? ஆட்டத்தில் என்றால் உருட்டிப் பார்க்கலாம். கார்குழலியின் விறகுவெட்டிகூட உருட்டிவிட்டுத்தான் செத்தாள். ‘நான் தெரியாமல் சிரித்துவிட்டேன்’ என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? நம்பினால் மட்டும்? எதிரே ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனான். வராதது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

தவளக்குப்பம் தாண்டி மண்ரோட்டில் திரும்பியபோது சூரியன் பனைமரத்துக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மோட்டார் கொட்டாய் வாசலில் அப்பா கரைவேட்டியும் சலவைச் சட்டையுமாக நின்றிருந்தார்.

“ஏன்டா, நாய் தொரத்தினாப்பல வர? செருப்பு எங்கடா?”

“போட்டுட்டியாப்பா?”

“இதோ, போட்டுட்டுக் கெளம்ப வேண்டியதுதான்.” வலது கையில், இன்னும் பெட்டியில் சொருகாத வெள்ளைப் பீங்கான் ஃபீஸ் கட்டை இருந்தது.

அருள்முருகனுக்கு அழுகை வந்துவிடும்போல் ஆயிற்று. அப்போதுதான் வரப்பைப் பார்த்தான். பாதி கட்டிய புல்லுக்கட்டு கயிற்றின் மேல் அப்படியே கிடந்தது. ஆளைக் காணோம்.

“கன்னியம்மா அத்த எங்கப்பா?”

“போயிருப்பா.”

“கட்டு கெடக்குதே.”

“மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பா. வருவா, எடுத்துக்கினு போவா. அதான் தகரம் நட்டிருக்கியே, தொரை.”

“அவுங்களுக்குப் படிக்கத் தெரியாதுப்பா. மனை விக்கற போர்டுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்.”

 கலியமூர்த்தி கொல்லையின் நடுவே கையைக் காட்டினார். “நேத்து கரண்டு போடறதுக்கு முன்னாலயே ஆறு வரிச. பொரட்டிப் போட்டுட்டுப் போயிருக்குது பாரு. ஊர்ல ஒவ்வொருத்திக்கும் நான் போயி பாடம் நடத்தறதா? இவகிட்ட சொன்னா நாளைக்கு மார்க்கெட்டு வரைக்கும் தெரியும்.” குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. “பத்து நாளுடா. புடுங்கிட்டா கம்பிய அவுத்துடுவேன்.”

வெளிச்சம் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. மல்லாட்டை இலைகள் சாயங்கால வழக்கப்படி இரண்டிரண்டாக மடங்கிக் கொல்லையே கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வடக்கு மூலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் செடிகள் அசைந்தன. குனிந்த உயரத்துக்கு ஏதோ ஒன்று. பன்றியின் உயரமும் குனிந்து புல் அறுக்கிற பெண்ணின் உயரமும் அந்த வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் இருந்தன.

“அத்தே!” என்று கத்தினான். அசைவு நின்றது. பதில் இல்லை. அப்பாவும் அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்தபடியே கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

அருள்முருகன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு அவருக்கும் ஃபீஸ் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றான். 

“நீ பொண்ணழைப்புக்குப் போப்பா. நான் விடியற வரிக்கும் இங்கயே குந்திக்கிறேன். பன்னி வந்தா தகரத்தத் தட்டி வெரட்டறேன். ஒரு செடி போவாது.” கையை நீட்டினான். “அத எங்கிட்ட குடுத்துட்டுப் போப்பா.”