மூன்றாம் நாள் புள்ளி

எக்ஸ்ரேக்காரிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினாள். காரணம், அவளுடைய கல்லைக் காணவில்லை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கில் சுற்றும் சிறுகோள்களில் ஒன்று அது. வேறொரு கண்டத்து மலைமேல் இருக்கும் தொலைநோக்கியை வாடகைக்குப் பிடித்து, அது அனுப்பிய படங்களில், நட்சத்திரங்களுக்கு இடையே நகர்ந்த ஒரு புள்ளியாக அதைப் போன வருஷம் கண்டுபிடித்தாள். மூன்று இரவுகள் தெரிந்த இடங்களை வைத்துப் பாதை போட்டாள். அது திரும்பி வரும் முறைகளிலும் அவள் கணக்குச் சொன்ன இடத்தில் வந்து நின்றால், சிறுகோள் பட்டியலில் அதற்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் பெயர் வைக்கலாம்.

பெயரை அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாவின் பெயர். அப்பா லாரி ஓட்டியவர். நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பினால் அடுத்த வாரம் வருவார். கடைசியில் போன இடத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

"உயிரோட இருந்தப்ப எந்த ரோட்டுல இருக்கார்னு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. இனிமே யாராவது கேட்டா, இந்தா இங்க இருக்கார்னு விரலை நீட்டிச் சொல்லுவேன்" என்று மாடி வீடு, கீழ் வீடு, தையல்கடை வரை தண்டோரா போட்டிருந்தாள் அம்மா.

இப்போது கல் திரும்பி வரவேண்டிய நேரம். சொன்ன இடத்தில் வெறும் இருட்டு.

"எண் வந்துடுச்சாடி?"

"வரும்மா, என்ன அவசரம்?" என்று மகள் மழுப்பிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பதற்றத்தில்தான் மருத்துவமனையில் சொதப்பினாள். டாக்டர் இரண்டு படங்களை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"போன மாசம் இவர் கை எலும்புல தகடு இருக்கு. இந்த மாசம் காணோம். என்ன, கரைச்சுக் குடிச்சிட்டாரா?"

"சாரி சார். வேற ஒருத்தர் படம் கலந்துடுச்சு."

"ரெண்டு பேரை ஒரே ஆளாக்கிட்டியேம்மா!"

அவளுக்குச் சுருக்கென்றது. திட்டு வாங்கியதால் அல்ல. போன வருஷப் படங்களில் கல்லின் மூன்றாம் நாள் புள்ளி மற்ற இரண்டையும்விட மங்கல். மெல்லிய மேகமாக இருக்கும் என்று அன்றைக்குத் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டாள். அதற்குள் அம்மா பெயரே வைத்துவிட்டாளே!

வீட்டுக்கு வந்ததும் மூன்றாம் நாளைக் கணக்கிலிருந்து தூக்கி எறிந்தாள். மீதி இரண்டு நாளை வைத்து இன்ன இடம் என்று சொல்ல முடியவில்லை. வானத்தில் ஒரு நீளப் பட்டைதான் மிஞ்சியது. அதைத் துண்டு துண்டாகப் படமெடுக்கச் சொல்லி, வாரக்கணக்கில் நகத்தைக் கடித்தபடி அந்தப் படங்களைச் சலித்தாள். பட்டையின் ஓரத்தில், சாவகாசமாக நகர்ந்துகொண்டிருந்தது கல்.

அம்மா துவைத்த போர்வையின் ஒரு முனையை நீட்டினாள். மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொண்டே மகள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"காணாம போயிருந்துச்சா?" அம்மாவுக்குச் சிரிப்பு தாளவில்லை. "அப்ப அது உங்கப்பாவேதான்."

"இல்லம்மா, கெடச்சிடுச்சு. தப்பு என்னோடது. ரெண்டு கல்லை ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். இனிமே இது சொன்ன இடத்துக்குச் சரியா வரும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அப்ப அந்த மூணாம் நாள் வந்தது?"

"அது வேற. ஒரே ஒரு ராத்திரிதான் தெரிஞ்சது. இப்ப எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"அதுக்குப் பேர் வெக்க முடியாதா?"

"பாதை தெரியாம எப்படிம்மா?"

அம்மா போர்வையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கெடச்சதுக்கு உனக்குப் புடிச்ச பேரை வெச்சுக்கோ. சொன்ன இடத்துல வந்து நிக்கிற மனுஷனாடி அவரு?"

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியே, கேட்டா என்ன சொல்லுவ?"

"இன்னும் வரலைன்னு சொல்றேன். எனக்கென்ன அது புதுசா?"

அம்மா உள்ளே போனாள். மகள் அடுத்த போர்வையைக் கொடியிலேயே விட்டுவிட்டு, அந்த மூன்றாம் நாள் படத்தை மறுபடியும் திறந்தாள்.