தீக்குச்சித் தேர்தல்

நாரணாபுரம் பலவேசம் கட்சியின் வட்டாரத் தலைவராக மூன்று முறை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், கூடத்திலுள்ள கைகள் அத்தனையும் உயரும். அவற்றில் பெரும்பாலானவை அவருடைய தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் கைகள், பெட்டி ஒட்டும் கைகள். அக்காட்சியைக் காணும்போதெல்லாம் அவருக்கு மார்பு நிமிரும்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு அந்தப் பெருமையில் கைவைத்தவர் ஆனைக்குட்டத்துப் பருத்தி விவசாயி கண்ணுச்சாமி. தாமும் போட்டியிடப்போவதாக அறிவித்தவர், டீக்கடையில் அதோடு நிறுத்தவில்லை.

"அண்ணாச்சிக்கு எதுக்குய்யா எலெக்சன்? சம்பளம் குடுக்குறவரு மூஞ்சியப் பாத்தா தூங்குறவன் கையும் தானாத் தூக்கும்!"

இச்சொல் பலவேசத்தின் காதுக்கு எட்டியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தமக்குக் கிடைத்தது அன்பா, கூலிக்கான மரியாதையா? அதை அறியாமல் இனி அந்த நாற்காலியில் அமர இயலாது என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் கூடத்தில் உறுப்பினர்கள் திரண்டனர். கணக்குப்பிள்ளை சண்முகவேல் குனிந்து, "கவலைப்படாதீக மொதலாளி. நம்ம ஆளுகதான் ஜாஸ்தி" என்றார்.

"அதுதாம்யா கவலையே" என்று எழுந்தார் பலவேசம்.

"எம் பதவிக்கே போட்டி. நானே தலைமை தாங்குறது முறையில்ல" என்று நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். ஆசிரியர் கனகசபாபதி தேர்தலை நடத்த இசைந்தார். பலவேசம் மேலும் சொன்னார்: "கை தூக்க வேண்டாம். ஆளுக்கு ரெண்டு குச்சி, மருந்து வச்சது ஒண்ணு, வெறுங்குச்சி ஒண்ணு. அந்த ஓலைத் தட்டி மறைவுக்குப் பின்னால பானையும் சாக்கும் இருக்கு. அங்க போயி, வேண்டியதப் பானையில போடுங்க. மத்ததச் சாக்குல போட்டுருங்க. எது எவருதுன்னு எந்தச் சாமிக்கும் தெரியாது."

"மருந்துக் குச்சி ஒங்களுக்கு, வெறுங்குச்சி எனக்கா அண்ணாச்சி?" என்று கண்ணுச்சாமி சீண்டினார்.

"மருந்து ஒங்களுக்கே இருக்கட்டும். பத்த வச்சது நீங்கதான?"

கூடம் சிரித்தது. பெட்டி ஒட்டும் ராக்காயி மட்டும் குச்சிகளை முந்தானைக்குள் இறுகப் பிடித்திருந்தாள். "மொதலாளி, நெசமாவே தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாதுத்தா. போ."

ஒவ்வொருவராகத் தட்டிக்குப் பின்னால் சென்று வந்தனர். பானையைக் கவிழ்த்தபோது மருந்துக் குச்சிகளே மிகுந்திருந்தன. ஆனைக்குட்டத்தார் அனைவரும் ஒருசேர நின்றிருந்தாலும் அத்தனை வந்திருக்காது. எவர் ஆட்கள் அவற்றைப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. தலைகள் தாழ்ந்தன. ஒருவரும் பலவேசத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது உண்மைதான். ஆயினும் ஓரமாய்க் கிடந்த வெறுங்குச்சிகளிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில், யாருக்கும் அஞ்சாமல் அவருக்கென்று விழுந்தவை அவை. மற்றக் குச்சிகளோ, அவரிடமே கூலி வாங்கிக்கொண்டு, அவர் வேண்டாமென்று சொல்லத் துணிந்தவர்கள் போட்டவை. இப்பேர்ப்பட்டவர்களுக்கா நாம் தலைவனாக இருந்தோம்! அவர் மார்பு நிமிர்ந்தது.

கண்ணுச்சாமி நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு அமர்ந்தார். பலவேசம் எழுந்து பேச வாயெடுத்தார்.

"அண்ணாச்சி, தலைவர்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான பேசணும்?" என்றார் கண்ணுச்சாமி.

சண்முகவேலின் முகம் கறுத்தது. பலவேசமோ மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தலைவரே, பேச அனுமதி வேணும்."

"பேசுங்க. சுருக்கமா."

பலவேசம் தம் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எல்லாரும் எப்பவும் போல வேலைக்கு வாங்க. யாருக்குப் போட்டீகன்னு நான் கேக்க மாட்டேன். நான் கேட்டாலும் சொல்லாதீக."