ரோமனுக்குப் பூசிய எண்ணெய்

1

இலக்கிய தாகத்தால் இதை எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. 1988இல் லண்டன் ஹரோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் என் பெயரைத் தவிர எல்லாம் பிழை. அதைத் திருத்தி ஒரு வரி போடச் சொல்லிச் சங்கத் தலைவர் தியாகராஜாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆகவே, கதை என்று பெயர் வைத்து இங்கே கொட்டுகிறேன்.

(கதைக்காரன் ஒப்புக்கொள்வதை யாரும் நம்புவதில்லை. எனக்கு அது வசதி.)

2

முதல் தொடக்கம்: "கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், தேம்ஸ் கரையில், கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்த நன்றிக்காக ஒரு ரோம வணிகன் பலிபீடம் ஒன்றை—"

வேண்டாம். அந்த ஆளை எனக்குத் தெரியாது. கல்லில் அவன் பெயர் இருந்த மூலையே உடைந்துபோய்விட்டது.

இரண்டாவது: "பனி கொட்டிக்கொண்டிருந்த லண்டன்—"

அன்று பனி கொட்டவில்லை. லண்டன் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள்.

3

சரி, நேராகவே சொல்கிறேன். கிங்ஸ்பரியில் அறை எடுத்திருந்த குலசேகரம் ஒரு குழிக்குக் காவலாளி. லண்டன் சிட்டியில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றை இடித்திருந்தார்கள். புதியது எழும்புவதற்கு முன் தோண்டிப் பார்க்கத் தொல்லியல்காரர்களுக்குக் கொஞ்ச மாதம் கொடுத்திருந்தார்கள். (எந்தத் தெரு என்று தேட வேண்டாம். அந்தக் குழியைத் தோண்டியவன் நான், பேனாவால்.)

மேலே விக்டோரியா காலத்துச் செங்கல், அதற்குக் கீழே கறுப்பு மண், அதற்கும் கீழே ரோமன். இடுப்பளவு உயரத்தில் ஒரு பலிபீடம். பக்கவாட்டில் பாம்பு செதுக்கியிருந்தது. தூக்குவதற்குக் கிரேன் வரும்வரை ஐந்து வாரம் அப்படியே நின்றது. அதற்கு மேல் ஒரு கிழிந்த தார்ப்பாய்.

யாழ்ப்பாணத்தான் வேலை செய்கிற இடத்தில் ஒரு சாமியைக் கண்டால் சும்மா விடமாட்டான். பீடம் இருக்கிறது, நாகம் இருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. குலசேகரத்துக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காலை ஷிப்டுக்கு வரும்போது ஈஸ்ட் ஹாமில் வாங்கிய நல்லெண்ணெயைக் கொண்டுவந்தான். தோண்டுகிறவர்கள் எட்டு மணிக்கு வருவதற்குள் உச்சியிலிருந்து அடிவரை பூசித் துடைத்தான். ஐந்து வெள்ளிக்கிழமையும் பூசினான். கல் கறுத்து மினுங்கியது.

4

அந்தக் குழிக்குப் பொறுப்பு ஹிலரி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. இருபது வருடமாகச் சேற்றுக்குள் நின்று வேலை செய்த தொல்லியலாளர். கல்லின் வெடிப்பில் சுரண்டியதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். எள்ளெண்ணெய் என்று பதில் வந்தது.

(பழைய எண்ணெய்க்கும் புதிய எண்ணெய்க்கும் ஆய்வுகூடத்துக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்கும் வேதியியல் ஆசிரியர்கள் இத்துடன் எழுந்து போகலாம்.)

ரோமர் கிழக்கிலிருந்து கொண்டுவந்து பூசைக்குப் பாவித்திருக்கிறார்கள் என்று ஹிலரி கட்டுரை எழுதினார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அறிஞர் கூட்டத்தில் வாசிப்பதாக ஏற்பாடு. செய்தி பேப்பரிலும் வந்தது. தியாகராஜா எனக்குப் போன் எடுத்தார்.

"பாத்தீரே! ரோமன் எங்கட எண்ணெயைத் தேடியெல்லோ வந்திருக்கிறான்! எழுதும் காணும்!"

எழுதினேன். யவனர், மிளகு, முத்து, மதுச்சாடி என்று ஒன்றையும் விடவில்லை. நாலாவது பக்கத்தில் தேம்சுக்கும் தாமிரபரணிக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டேன்.

5

மலர் அச்சாகி வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை. அன்று குலசேகரம் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, உங்கட கட்டுரையில இருக்கிற எண்ணெய் என்ரை போத்தில் எண்ணெய்."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அகதி வழக்கு உள்துறையில், அதாவது ஹோம் ஒஃபிஸில் கிடந்தது. கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் நற்சான்றுக் கடிதம் தந்தால் நல்லது என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்னவர் ஹிலரி.

"முதல்ல கடிதத்தை வாங்கும். பிறகு சொல்லும்."

"ஏலாது அண்ணை. அடுத்த நாள் அந்த மனிசி எல்லாருக்கும் முன்னால நிண்டு வாசிக்கப் போகுது."

"ஆயிரத்தெண்ணூறு வருசத்துக் கல்லு. ஆருக்கு நட்டம்?"

"அவவுக்கு."

என் ஆறு பக்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. இந்த வரியை இரண்டு தடவை வெட்டி, திரும்பப் போட்டிருக்கிறேன்.

6

வெள்ளிக்கிழமை குழியோரத்து அலுவலக அறையில் அவன் ஹிலரியிடம் சொல்லிவிட்டான். (பேசியது ஆங்கிலத்தில். குலசேகரத்தின் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைப்பீர்கள். அதனால் ஹிலரியையும் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவருகிறேன்.)

ஹிலரி தட்டச்சடிப்பதை நிறுத்தினார்.

"எந்தச் சாமியெண்டு நினைச்சுப் பூசினீர்?"

"தெரியாது மிஸ். பாக்க ஒருத்தரும் இல்லாமல் நனைஞ்சுகொண்டு நிண்டார்."

"அந்தக் கல்லைப் பழுதாக்கிப்போட்டீர். விளங்குதா?"

"ஓம் மிஸ்."

"இண்டைக்கு ஏன் வந்து சொல்லுறீர்? நாளைக்குப் பிறகு சொல்லியிருக்கலாமே. சொல்லாமலே விட்டிருக்கலாம்."

ஹிலரி அவனை வெளியே நிற்கச் சொன்னார். நாளைக்கு வாசிக்க வைத்திருந்த கட்டுரையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

7

முடிவு அ: ஹிலரி சிரித்து, அவனைக் கட்டிப்பிடித்து— சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: வேலையிலிருந்து விரட்டுகிறார். இது எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய தண்டனை. அவன் தலையில் ஏன் கட்ட வேண்டும்? இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது என்னிடம் இல்லை. நீங்கள் வந்து ஹிலரியின் நாற்காலியில் உட்காருங்கள். இருபது வருடம் காத்திருந்த பெயர் இப்போதுதான் கிழிந்து கூடைக்குள் போயிருக்கிறது. அந்தக் கோபத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் ஒஃபிஸுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் தட்டச்சுப் பொறியில் பாதியில் நிற்கிறது; மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். கதவுக்கு வெளியே குலசேகரம் நிற்கிறான், அவசரப்படுத்த மாட்டான். ஒரே நிபந்தனை, பொய் எழுதக்கூடாது. அவனும் பொய் சொல்லவில்லை.

"திரு. குலசேகரத்தை எட்டு மாதமாக அறிவேன். அவர் நம்பத்தகுந்த