ஆஸ்பத்திரி வழி

சவப்பெட்டியின் கைப்பிடி ஆடியது. பூட்டுக்காரரின் மகள் திருப்புளியை எடுத்து நான்கு திருகாணிகளையும் கழற்றி, மறுபடி ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே படுத்திருந்த அப்பா உயிரோடு இருந்திருந்தால், இந்தக் கைப்பிடியைப் பார்த்தே செத்திருப்பார்.

"அக்கா, மூணு மணிக்கு முன்னாடி எடுக்க வேணாம்," என்றான் தம்பி. "அவர் மூணு மணிக்கு வர்றாராம்."

"அவருக்கு யாருடா சொன்னது?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான்.

"யாராவது சொல்லணுமாக்கும்," என்றாள் மூலையில் நாற்காலி போட்டிருந்த அத்தை. செத்தவரின் தங்கை. "எவனுக்காவது மூச்சு இழுத்தாலே அந்த ஆளுக்கு மூக்குல வேர்த்துடும்."

அந்த ஆள் என்றால் சட்டமன்ற உறுப்பினர். ஆறு முறை ஜெயித்து, முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். ஏழாவது முறைக்கு நாளைக்கு ஓட்டுப்பதிவு. பிரச்சாரம் நேற்று மாலையோடு முடிந்துவிட்டது. ஆனால் துக்கம் விசாரிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஊரில் அவருக்குத் தோள்காரர் என்று பெயர். தொகுதியில் எந்தப் பிணம் கிளம்பினாலும், முன்பக்கம் வலது மூலையில் அவர் தோள் இருக்கும். நாற்பது அடி நடப்பார். படம் எடுத்ததும் இறங்கிக்கொள்வார். இத்தனை பிணம் சுமந்து அவருடைய வலது தோள் இடது தோளைவிட ஒன்றரை விரல் தாழ்ந்துவிட்டது. அதற்கென்று தையற்காரர் தனி அளவு வைத்திருக்கிறார். ஒருமுறை முடிவெட்டுகிறவர் மத்தியானம் கடை பெஞ்சில் அசந்து தூங்கிவிட்டார். கண் விழித்தால் நெஞ்சின் மேல் மலர்வளையம், எதிரே உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வந்த மரியாதையை வீணாக்கக் கூடாது என்று முடிவெட்டுகிறவர் இன்றுவரை அவருக்கேதான் ஓட்டுப் போடுகிறார்.

அப்பா மட்டும் போடவில்லை. ஆறு தேர்தலிலும் எதிர்த்துப் போட்டார், ஆறிலும் தோற்றார்.

போன வாரம் டாக்டர் கையை விரித்தபோது அவர் நாள் கணக்குப் பார்த்தார். "ஓட்டுப்பதிவு வரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டா போதும். நானும் ஓட்டுப் போட்டுடுவேன், அவனும் வரமாட்டான்." தேர்தல் முடிந்த மறுநாளே உறுப்பினர் தோளுக்கு வைத்தியம் பார்க்க வெளியூர் போய்விடுவார்; ஆறு மாதத்துக்கு யார் செத்தாலும் அவரவர் தோள்தான். ஒரே ஒரு நாள் குறைந்துவிட்டது. இன்று விடியற்காலையில் அப்பா மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "அவன் தோள் என் மேல படக் கூடாது. பார்த்துக்க." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவள் கடைசித் திருகாணியை முடுக்கினாள். "ரெண்டரைக்கு எடுக்கிறோம்."

"அக்கா!" என்றான் தம்பி. குடிநீர் வாரியத்தில் அவன் பதினொரு வருடமாகத் தற்காலிகம். "ஒரு படம்தானே? அவர் ஒரு கையெழுத்துப் போட்டா என் வேலை நிரந்தரம். அப்பாவுக்கு இனிமே என்ன தெரியப் போகுது?"

"அம்மாவுக்கும் தெரியாதுதான்," என்றாள் அவள்.

அம்மா போனது பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வாடகைக் காரில். கார் இந்த ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போனது.

இந்த ஊர் ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர் முதல் தேர்தலுக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டாவதுக்கு இரும்பு கேட் வந்தது. மூன்றாவதுக்குப் பெயர்ப்பலகை, நான்காவதுக்குக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அதே அடிக்கல்லைக் கழுவி மறுபடி நாட்டினார். கேட்டுக்குப் பின்னால் ஒரு செங்கல் கிடையாது. இருபுறமும் சுவரும் கிடையாது. ஆடுகள் கேட்டைச் சுற்றிக்கொண்டு போய் மேயும். கேட்டுக்குப் பூட்டுச் செய்துகொடுத்தவர் அப்பா. அம்மா போனதிலிருந்து மாதம் தவறாமல் போய் அதற்கு எண்ணெய் விட்டார். எதற்கு இந்தக் கூத்து என்று அத்தை ஒருமுறை கேட்டாள்.

"என்னிக்காவது அவன் வந்து திறன்னு சொல்லுவான். அன்னிக்குப் பூட்டு மக்கர் பண்ணிச்சுன்னு என்மேல பழி வரக் கூடாது பாரு."

இரண்டு இருபதுக்குத் தெருவில் கார்கள் வந்து நின்றன. மூன்று மணி என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே வருவதுதான் தோள்காரரின் வழக்கம். முதலில் படக்காரர் இறங்கி வெளிச்சம் பார்த்தார். பிறகு உதவியாளர், கையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு மலர்வளையம். கடைசியில் உறுப்பினர், வலது பக்கம் சாய்ந்தபடி.

"அண்ணன் போயிட்டாரே!" என்றார் அவர், அத்தையின் கையைப் பிடித்து. "எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரிம்மா."

"அப்படியா? கூடப்பிறந்த என்கிட்ட உங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே," என்றாள் அத்தை.

உறுப்பினர் காதில் விழாத மாதிரி தலையாட்டினார். முப்பது வருடப் பழக்கம். பெட்டியின் முன்பக்கம் வலது மூலைக்குப் போய்க் குனிந்தார். மற்ற மூன்று மூலைகளுக்கும் ஆட்கள் வந்தார்கள். படக்காரர் ஒரு கண்ணை மூடினார். உறுப்பினரின் கை கைப்பிடிக்கு அரையடி தூரத்தில் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள் மகள். திருப்புளி இன்னும் கையில்தான் இருந்தது. "மெயின் ரோடு வழியாப் போகலை. ஆஸ்பத்திரி வழியாப் போறோம்."

உறுப்பினர் நிமிர்ந்தார். அவரை அறியாமல் கேட்டுவிட்டார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

வாசல்பக்கம் நின்றிருந்த முடிவெட்டுகிறவருக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

"நம்ம ஆஸ்பத்திரிதாங்க. நீங்க கட்டினது," என்றாள் அவள். சுவரில் இருந்த ஆணியிலிருந்து நீளமான சாவியை எடுத்தாள். "அங்க கேட்டைத் திறந்து, பெட்டியை உள்ள கொஞ்ச நேரம் வைக்கிறோம். நீங்க முன்னாடி நின்னா படம் நல்லா விழும். பின்னாடி பெயர்ப்பலகை முழுசாத் தெரியும். பலகைக்குப் பின்னாடியும் எல்லாம் தெரியும்."

படக்காரர் மூடிய கண்ணைத் திறந்தார். உதவியாளர் உறுப்பினரின் காதில் ஏதோ சொன்னார். நாளை காலைப் பத்திரிகை அவர்கள் இருவர் கண்ணிலும் தெரிந்தது.

"தோள்ல... ரெண்டு நாளா ஒரு பிடிப்பு," என்றார் உறுப்பினர்.

"அடடா," என்றாள் அத்தை. "பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு, காட்டிட்டுப் போங்க."

உறுப்பினர் கைகூப்பிவிட்டு வெளியேறினார். வலது மூலை காலியாக இருந்தது. உதவியாளர் வாசலில் நின்று தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பதினொரு வருடமும் அந்தப் பார்வைக்குள் இருந்தது. தம்பி அதைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வலது மூலையில் குனிந்தான்.

"கைப்பிடி ஆடுமா?" என்று கேட்டான்.

"ஆடாது. தூக்கு."

கேட்டைச் சுற்றிக்கொண்டே போயிருக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது பேர் சுவரில்லாத அந்த வெட்டவெளியின் முன்னால், கேட்டுக்கு நேராக வரிசைகட்டி நின்றார்கள். அவள் சாவியைப் போட்டாள். ஒரே திருப்பு. இருபத்தைந்து வருடத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குள் வாசல் வழியாக நுழைந்த முதல் ஆள் அப்பாதான். அடிக்கல்லுக்குப் பக்கத்தில் பெட்டியைச் சற்று நேரம் வைத்தார்கள். ஓர் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது. பிறகு தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தார்கள்.

"கேட்டைப் பூட்டலையாக்கா?" என்றான் தம்பி.

அவள் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை இருவரும் ஓட்டுப் போடக் கிளம்பினார்கள். ஊரே அந்த வழியாகத்தான் வாக்குச்சாவடிக்குப் போனது. போகிறவர்கள் கேட்டருகில் கொஞ்சம் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

காற்றில் கேட் முன்னும் பின்னும் ஆடியது. கீல்களுக்கும் அப்பா எண்ணெய் விட்டிருந்தார் போலிருக்கிறது. சத்தமே வரவில்லை.